இயந்திர இயக்கத்தை ஆங்கிலத்தில் விளக்கல்: தமிழ் வினையமைப்பின் துணை

முன்னுரை

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியல், இயந்திரவியல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. எனினும் பொறியியல் கல்வி பெரிதும் ஆங்கிலவழியிலேயே நிகழ்கிறது. வ. புதுப்பட்டி போன்ற ஊர்களிலிருந்து தமிழ்வழியில் பயின்று வரும் மாணவர், இயந்திரத்தை அறிந்தும் ஆங்கிலத்தில் விளக்க இயலாதபோது, அறியாதவராகவே மதிப்பிடப்படுகின்றனர். இச்சிக்கலைத் தீர்க்கத் தமிழ் இலக்கண அறிவு துணையாவதை, இராஜபாளையம் நூற்பாலைகளில் இயங்கும் ரிங் பிரேம் இயந்திரத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தன்வினையும் பிறவினையும்

‘மோட்டார் ஸ்பிண்டிலைச் சுழற்றுகிறது, ஸ்பிண்டில் சுழல்கிறது’ என, இயக்குவதையும் இயங்குவதையும் தமிழ் வினைவடிவிலேயே வேறுபடுத்துகிறது. ஆங்கிலத்தில் ‘ரொட்டேட்’ என்னும் ஒரே வினை இரண்டிற்கும் வரும். செயப்படுபொருள் இருப்பதும் இல்லாததுமே வேறுபாட்டைக் காட்டும். ஆகவே, ‘எது எதை இயக்குகிறது?’ என்பதைத் தமிழில் முதலில் வரையறுத்துக்கொண்டால் செய்வினை, செயப்பாட்டுவினைத் தொடர்களைப் பிழையின்றி அமைக்கலாம்.

வினையெச்சமும் காரணமும்

‘முன் உருளைகள் பின் உருளைகளைவிட விரைந்து சுழன்று ரோவிங்கை நீட்ட, டிராவலர் வளையத்தைச் சுற்றி வந்து முறுக்கேற்ற, நூல் பாபினில் சுற்றிக்கொள்கிறது.’ இத்தொடரில் முற்றுவினை ஒன்றே. வினையெச்சங்கள் நிகழ்ச்சிகளின் வரிசையைத் தருகின்றன. ஆனால் நூல் ஏன் சுற்றிக்கொள்கிறது என்பது வெளிப்படவில்லை. டிராவலர் ஸ்பிண்டிலைவிடச் சற்றுப் பின்தங்கிச் சுழல்வதே அதற்குக் காரணம். ஆங்கிலத்தில் எழுதுமுன் ஒவ்வோர் எச்சத்தையும் எழுவாயுடன் கூடிய தனித்தொடராக்கி, அவற்றிடையே உள்ள உறவு காலமா, காரணமா எனத் தீர்மானித்தல் வேண்டும்.

முடிவுரை

மாணவர் அறிந்த ஆலை இயந்திரமும் தாய்மொழி இலக்கணமும் பொறியியல் ஆங்கிலத்திற்குத் தடைகள் அல்ல, அதற்கான முதற்படிகள். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் இணைந்து இவ்வகைப் பயிற்சிகளை உருவாக்குதல் பயன்தரும்.