பாகுபாட்டை ஒழிக்க நிதி தேவையில்லை

ஊருக்குள் துணை சுகாதார நிலையம் இருக்கிறது. காலனியிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். ஆனால், அங்கே கடைசி ஆளாக நிறுத்தப்படுவோமோ, தொட்டுப் பார்க்காமலே மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்களோ என்று ஒரு கர்ப்பிணி தயங்கினால், அந்தக் கட்டடம் அவருக்கு இருந்தும் இல்லாததுதான்.

உலகச் சட்டமும் இதையே சொல்கிறது. 1966-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 12-வது பிரிவு, உடல்நலமும் மனநலமும் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. இந்தியா 1979-ல் இதில் இணைந்தது.

இந்தப் பிரிவுக்கு ஐ.நா. குழு 2000-ல் விளக்கம் அளித்தது. மருத்துவ வசதி போதிய அளவில் இருக்க வேண்டும். எல்லோருக்கும் எட்ட வேண்டும். மக்களின் மாண்பை மதிக்க வேண்டும். தரமாக இருக்க வேண்டும். எட்டுவது என்றால் தூரமும் செலவும் மட்டுமல்ல, பாகுபாடின்மையும்தான். புதிய மருத்துவமனை கட்ட ஓர் அரசு கால அவகாசம் கேட்கலாம். பாகுபாட்டை நிறுத்த அவகாசம் கிடையாது. அது உடனடிக் கடமை. சாதிப் பாகுபாடும் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கைக்குள் வரும் என்று அதற்கான ஐ.நா. குழு 2002-ல் தெளிவுபடுத்தியது.

நம் நாட்டிலும் இதற்கு வலுவான தீர்ப்பு உண்டு. 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் செலவு செய்து பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அவசர சிகிச்சை மறுப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது. நிதி இல்லை என்று அரசு தட்டிக்கழிக்க முடியாது என்றது.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழைவதைத் தடுப்பது குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. புகாரை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். உதவி எண் 14566.

திருப்பி அனுப்பப்பட்டால் தேதி, நேரம், உடனிருந்தவர்கள் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். படிக்கிற பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு தாள்தான் வழக்கின் முதல் சாட்சி.