சோதனைகளைத் தானே இயற்றும் இயந்திரம்

சந்தை விலைகளும், மழையளவும், அணைகளின் நீர்மட்டமும் இன்று நாள்தோறும் இணையப் பக்கங்களில் வெளியிடப்படுகின்றன. இப்பக்கங்கள் மனிதர் கண்டு படிப்பதற்கென அமைந்தவை. ஒரு மாவட்டத்தின் ஓராண்டு விலைகளை ஒப்பிட விரும்பும் ஊழியர் நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கையால் பெயர்த்தெழுதுதல் இயலாத காரியம். ஆகவே, பக்கத்தைப் பெற்று, அதன் அட்டவணையினின்றும் வேண்டிய எண்களை மட்டும் பிரித்தெடுக்கும் சிறு நிரல்கள் எழுதப்படுகின்றன.

இந்நிரல்கள் பிழைபடும் விதம் கவனிக்கத்தக்கது. பழுதுற்ற நீரிறைக்கும் யந்திரம் நின்றுவிடும். பழுதை யாவரும் அறிவர். பக்கத்தின் அமைப்பு சிறிது மாறினால், விவரம் சேகரிக்கும் நிரலோ நிற்பதில்லை. தவறான எண்ணைச் சரியான எண்போல் எடுத்துக் கொண்டு தொடர்ந்து ஓடும். அவ்வெண்ணை நம்பி ஓர் உழவர் விளைபொருளை விற்பதா, இருத்தி வைப்பதா என்று முடிவு செய்யக்கூடும்.

அலகுச் சோதனை

நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியே பிரித்து, தெரிந்த உள்ளீட்டைக் கொடுத்து, எதிர்பார்த்த விடை வருகிறதா எனப் பார்ப்பதே அலகுச் சோதனை எனப்படும். இதற்கு இணையத்தை நாட வேண்டுவதில்லை. ஒரு பக்கத்தை ஒருமுறை பெற்றுக் கோப்பாகச் சேமித்து வைத்து, அதையே உள்ளீடாகக் கொடுக்கலாம். பக்கத்தை வெளியிடும் நிலையத்தின் கணினிக்கும் வீண்சுமை ஏற்படாது.

இத்தகைய சோதனைகளைக் கையால் எழுதுவது சலிப்பூட்டும் வேலை. எனவே அவற்றை இயற்றும் பொறுப்பை இயந்திரத்திடமே விடும் முறைகள் தோன்றியுள்ளன. இவற்றுள் எளியது பின்வருமாறு: சேமித்த பக்கங்கள் ஒவ்வொன்றின்மீதும் நிரலை ஓட்டி, வரும் விடைகளை இயந்திரம் குறித்துக் கொள்கிறது. பின்னர், "இப்பக்கத்துக்கு இவ்விடை வரவேண்டும்" என்னும் சோதனையைத் தானே எழுதிவிடுகிறது. நிரலைப் பிற்காலத்தில் திருத்துவோர் எவரேனும் அறியாமல் எதையாவது கெடுத்தால், சோதனை உடனே காட்டிக் கொடுக்கும்.

முறையின் குறை

இம்முறையின் வரம்பை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய அரசின் ‘அக்மார்க்நெட்’ தளம், சந்தைகளின் குறைந்த விலை, உயர்ந்த விலை, பெருவாரி விலை ஆகியவற்றைக் குவிண்டாலுக்கு இத்தனை ரூபாய் என வெளியிடுகிறது. இவ்வகை அட்டவணையொன்றில் வெங்காயத்தின் குறைந்த விலை 1,800, உயர்ந்த விலை 2,600, பெருவாரி விலை 2,200 எனக் கொள்வோம்.

முதலாவதாக, நிரல் காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடுமாயின், 2,200 என்பதை 2 என்றே படிக்கும். சோதனையை இயற்றும் இயந்திரமும் 2 என்பதையே சரியான விடையாகக் குறித்துக் கொள்ளும். குவிண்டால் வெங்காயம் 2 ரூபாய் என்பதைக் களப்பணியாளர் எவரும் நகைப்பார். இயந்திரத்துக்கு அதில் வியப்பில்லை. நிரல் செய்வதை அது அறியும்; செய்ய வேண்டியதை அறியாது. நிரலைப் படித்துச் சோதனை எழுதித் தரும் இக்காலச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இத்தவற்றுக்கு முற்றிலும் விலக்கல்ல.

இரண்டாவதாக, தளத்தினர் உயர்ந்த விலைப் பத்தியையும் பெருவாரி விலைப் பத்தியையும் இடம் மாற்றினர் எனக் கொள்வோம். சேமித்த பக்கம் பழையது. ஆகவே சோதனைகள் யாவும் வெற்றி பெறும். ஆனால் அன்றாடம் சேகரிக்கப்படும் பெருவாரி விலையோ 2,600 எனப் பதிவாகிக் கொண்டிருக்கும்.

விதிகளே உரைகல்

இக்குறையைப் போக்க விடைகளுக்குப் பதிலாக விதிகளைக் கொடுப்பது சிறந்த வழி. சுவீடன் நாட்டில் கோயன் கிளாசன், ஜான் ஹியூஸ் என்னும் இருவர் உருவாக்கி, 2000ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்ட ‘குயிக்செக்’ என்னும் கருவி இதற்கு வழிகாட்டிற்று. எந்நிலையிலும் மாறாத பண்பொன்றை மனிதர் கூற, இயந்திரம் பலவகை உள்ளீடுகளைத் தானே இயற்றி, அப்பண்பு எங்கே முறிகிறது எனத் தேடும்.

விலை அட்டவணைக்கு விதி எளியது: பெருவாரி விலை, குறைந்த விலைக்குக் கீழாகவோ உயர்ந்த விலைக்கு மேலாகவோ இருத்தலாகாது. பத்திகள் இடம் மாறிய மேற்படி நிலையில் உயர்ந்த விலை 2,200, பெருவாரி விலை 2,600 என வரும். விதி அக்கணமே முறியும். இவ்விதியைச் சேமித்த பக்கத்தோடு நிறுத்தாமல், அன்றாடம் வரும் விவரத்தின்மீதும் செலுத்துதல் வேண்டும்.

சேமித்த பக்கத்தை இயந்திரம் வேண்டுமென்றே சிதைத்துப் பார்ப்பதும் பயன் தரும். ஒரு கட்டத்தை வெறுமையாக்கலாம்; எண்ணுக்குப் பதில் சிறு கோடு இடலாம்; ஒரு வரிசையை நீக்கலாம். வெறுங்கட்டத்தைப் பூஜ்யமாகப் படிக்கும் நிரல் இங்கே அகப்படும். விலை தெரியாதது வேறு, விலை பூஜ்யம் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் சராசரி விலை காரணமின்றிச் சரியும். இத்தகைய உள்ளீட்டைக் கண்ட நிரல் பிழையை உரக்க அறிவித்து நிற்பதே முறை.

பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

மத்திய அரசின் திறந்த தரவுத் தளம் 2012 முதல் பல விவரங்களைக் கணினி நேரே படிக்கும் வடிவில் தருகிறது. அங்கே கிடைப்பதைப் பக்கங்களிலிருந்து பிரித்தெடுக்க முயல்வது வீண். பக்கங்களையே நாட வேண்டிய இடத்தில், குறைந்தது 5 வரிசைகளின் விடைகளையேனும் மனிதர் கண்ணால் சரிபார்த்த பின்னரே இயந்திரம் இயற்றிய சோதனைகளை ஏற்றல் நலம். தேதிகளில் தனிக் கவனம் தேவை: 03/04 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்பதை 12ஆம் தேதிக்குப் பிற்பட்ட பக்கமொன்றே ஐயமறத் தெளிவிக்கும்.

பள்ளிகளில் மாணவர்க்கு ஓர் அட்டவணையைக் கொடுத்து, "இதில் ஒருபோதும் பொய்க்காத விதிகள் யாவை?" என்று வினவுதல் நல்ல பயிற்சியாகும். சோதனைகளை ஆயிரக்கணக்கில் இயற்றுவது இயந்திரத்துக்கு எளிது. சந்தையையும், வயலையும், மழைமானியையும் நேரில் அறிந்தவரே அவற்றுக்குரிய விதியைக் கூற வல்லார்.