நண்பகல் நிழல் எத்திசையில் விழும்?

பௌதிகத்தையும் வானியலையும் சிறுவர்க்குக் கற்பிக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்பது பலரிடையே வேரூன்றிய எண்ணமாகும். தொலைநோக்கி இல்லாத பள்ளியில் வானியல் ஏது, ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் பௌதிகம் ஏது என்று வினவுவோர் உளர். ஆனால் செங்குத்தாக நட்ட ஒரு கோல், நூலில் கட்டிய ஒரு கல், காந்தமூட்டிய ஒரு தையலூசி ஆகிய மூன்றும் இருந்தால், இவ்விரு துறைகளின் அடிப்படை உண்மைகள் பலவற்றை மாணாக்கர் தாமே கண்டறிய இயலும். இதற்கு மிக வாய்ப்பான ஊர்களுள் ஒன்று திருவனந்தபுரம். அஃது எவ்வாறு என்பதை விளக்குமுன் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறுவோம்.

நமக்கு அறிமுகமான இல்லத்துச் சிறுமி ஒருத்தி இவ்வூர்ப் பள்ளியொன்றில் ஆறாம் வகுப்புப் பயின்று வந்தாள். ஜூன் மாதத்தில் மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு நண்பகலில், முற்றத்துக் கம்பத்தின் நிழல் எத்திசையில் விழுகிறது என்று பார்த்து எழுதி வருமாறு வகுப்பில் பணித்திருந்தனர். அவள் பார்த்தாள், "தெற்கே" என்று எழுதினாள். அவ்விடை தவறென்று சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. பூமியின் வட பாதியில் உள்ள ஊர்களில் நண்பகல் நிழல் வடக்கே விழும் என்பது துணைநூலில் கண்ட விதி. சிறுமி தான் எழுதியதை அழித்துவிட்டு "வடக்கே" என்று திருத்திக்கொண்டாள். பின்பு நம்மிடம் வந்து, "மாமா, நான் பார்த்தது பொய்யா?" என்று கேட்டாள்.

அவள் பார்த்தது பொய்யன்று, முற்றிலும் மெய். துணைநூலின் விதி, கடக ரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குத்தான் ஆண்டு முழுவதும் பொருந்தும். டில்லிக்குப் பொருந்தும், திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் பொருந்தாது. திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.5 பாகையில் உள்ளது. நண்பகலில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும் இடமோ, ஜூன் திங்களில் வடக்கே ஏறத்தாழ 23.5 பாகை வரையிலும், டிசம்பர் திங்களில் தெற்கே அதே அளவு வரையிலும் சென்று மீள்கிறது. ஆகவே ஏப்ரல் 12-ஐ ஒட்டிய நாளொன்றில் கதிரவன் நம் உச்சியைக் கடந்து வடக்கே செல்கிறான்; ஆகஸ்ட் 31-ஐ ஒட்டித் திரும்பவும் கடந்து தெற்கே வருகிறான். இடைப்பட்ட ஏறத்தாழ 140 நாட்களில் நண்பகல் நிழல் தெற்கே விழுவதே இயல்பு.

இவ்விளக்கத்தை நாம் அச்சிறுமிக்கு உடனே கூறியிருக்கலாம். கூறியிருந்தால், துணைநூலின் சொல்லுக்கு மாற்றாக நம்முடைய சொல் அவள் உள்ளத்தில் ஏறியிருக்கும், அவ்வளவே. அவள் கண்ணுக்கு உரிய மதிப்பு மீண்டிராது. எனவே, "வா, கோல் நட்டுப் பார்ப்போம்" என்றோம்.

ஆய்வின் முறை எளிது. மட்டமான தரையில் ஒரு மீட்டர் உயரமுள்ள கோலொன்றை நடவேண்டும். அது செங்குத்தாக நிற்கிறதா என்பதைக் கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக் குண்டினால் சரிபார்க்கலாம். கோலின் அடியை நடுவாகக் கொண்டு ஒரு வட்டம் வரைக. முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளியும், பிற்பகலில் மீண்டும் தொடும் இடத்தில் ஒரு புள்ளியும் இட்டு இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். அதற்குச் செங்குத்தாகக் கோலடியின் வழியே வரையும் கோடு தெற்கு வடக்காகும். இது நமக்குப் புதிய முறையன்று. கோயில் எழுப்பும் ஸ்தபதிகள் சங்கு நாட்டித் திசை காணும் பழைய முறை இதுவே. நிழல் இந்தத் தெற்கு வடக்குக் கோட்டின்மேல் வந்து நிற்கும் கணமே அவ்வூரின் மெய்யான நண்பகல்.

கோலின் நிழல் நுனி சற்று மங்கலாகத் தெரியும். உச்சியில் ஊசித்துளையிட்ட அட்டையைப் பொருத்தினால், அந்நிழலின் நடுவே சிறிய ஒளிவட்டம் ஒன்று தோன்றும்; அதன் மையத்தைக் குறித்து, துளைக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து அளக்கலாம். எக்காரணம் பற்றியும் கதிரவனை வெறுங்கண்ணால் நோக்கலாகாது; தரையைத்தான் நோக்கவேண்டும் என்பதை மாணாக்கர்க்கு முதலிலேயே வற்புறுத்துதல் கடமையாகும்.

இவ்வாறு திருவனந்தபுரத்தில் ஆண்டு முழுவதும் அளந்து வந்தால் கிடைக்கும் கணக்கு சுவையானது. டிசம்பர் 22-ஐ ஒட்டி ஒரு மீட்டர் கோலின் நண்பகல் நிழல் வடக்கே ஏறத்தாழ 62 சென்டிமீட்டர் நீளும். பகலும் இரவும் ஒத்திருக்கும் மார்ச் 21-ஐ ஒட்டியும், செப்டம்பர் 23-ஐ ஒட்டியும் வடக்கே 15 சென்டிமீட்டர். ஏப்ரல் 12-இலும் ஆகஸ்ட் 31-இலும் நிழல் கோலின் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஜூன் 21-ஐ ஒட்டித் தெற்கே 27 சென்டிமீட்டர். ஏப்ரல் கோடை விடுமுறையில் வருவதால் அந்நாளை இல்லத்து முற்றத்திலேயே கொண்டாடலாம். மழைக்காலத்து மேகத்தைப் பற்றியும் அஞ்ச வேண்டுவதில்லை. நண்பகலையொட்டிச் சில நிமிட வெயில் கிடைத்தால் போதும்.

அளக்கும் மாணாக்கர் மற்றொரு புதுமையையும் காண்பர். நண்பகல் என்பது கடிகாரத்தில் பன்னிரண்டு மணி என்றே நாம் எண்ணியிருக்கிறோம். கோலோ வேறு கூறும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு அமைந்தது. திருவனந்தபுரம் அதற்கு மேற்கே ஏறத்தாழ 5.5 பாகையில் உள்ளது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆவதால், இங்கே கதிரவன் 22 நிமிடம் பிந்தியே உச்சிக்கு வருகிறான். அதுவும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லை. பிப்ரவரி நடுவில் நண்பகல் 12 மணி 36 நிமிடத்துக்கும், நவம்பர் தொடக்கத்தில் 12 மணி 6 நிமிடத்துக்கும் நிகழ்கிறது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும், அதன் பாதை சரியான வட்டமாக இல்லாததுமே காரணங்கள். "கடிகாரம் தவறா, கோல் தவறா?" என்று ஒரு சிறுவன் கேட்பானாயின், வானியல் அவனிடத்தில் தொடங்கிவிட்டது எனலாம்.

ஒரு பள்ளி தனியே அளப்பதினும் இரு பள்ளிகள் சேர்ந்து அளந்தால் பயன் மிகும். திருவனந்தபுரத்தில் நிழல் ஒடுங்கும் அதே நாளில், சென்னையில் ஒரு மீட்டர் கோலின் நண்பகல் நிழல் வடக்கே 8 சென்டிமீட்டர் விழும். அதிலிருந்து கிடைக்கும் கோணம் ஏறத்தாழ 4.6 பாகை. இரு நகரங்களுக்கும் இடையே தெற்கு வடக்காக மட்டும் கணக்கிட்ட தொலைவு ஏறத்தாழ 505 கிலோமீட்டர். 4.6 பாகைக்கு 505 கிலோமீட்டர் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? விடை 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். அதுவே பூமியின் சுற்றளவு. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டில் எரட்டோஸ்தனிஸ் என்னும் அறிஞர் கையாண்ட வழி இதுவே. நிழலை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் விடையில் 500 கிலோமீட்டர் பிழைக்கும். கவனமாக அளத்தல் ஏன் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக எந்த உபதேசமும் உணர்த்தாது.

இனி நூலில் கட்டிய கல்லுக்கு வருவோம். தொங்கும் இடத்திலிருந்து கல்லின் நடுவரை ஒரு மீட்டர் இருக்குமாறு கட்டி, சிறிதே இழுத்து விட்டு, இருபது முழு ஊசல்களுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்கவேண்டும். ஏறத்தாழ 40 விநாடி ஆகும். கல்லை மாற்றிக் கனமானதைக் கட்டினால் விரைந்து ஆடும் என்று வகுப்பில் பெரும்பாலோர் ஊகிப்பர். நூலின் நீளம் மாறாதவரை நேரம் மாறுவதில்லை. நூலைக் கால் பங்காக, அதாவது 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் நேரமும் கால் பங்காகும் என்பர். அஃது அரைப்பங்காகவே, 20 விநாடியாகவே, நிற்கும். ஊகம் பொய்த்த இடத்திலேதான் மாணாக்கர் நிமிர்ந்து உட்காருகின்றனர்.

மூன்றாவது, தையலூசி. அதன் நடுவில் நூலை மெழுகால் ஒட்டி, ஊசி கிடைமட்டமாக நிற்குமாறு தொங்கவிடுக. பின்பு நூலை அசைக்காமல், ஒரு காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தடவி மீண்டும் தொங்கவிடுக. ஊசி தெற்கு வடக்காகத் திரும்பி நிற்கும். டில்லியில் இதைச் செய்தால் வடமுனை நாற்பது பாகைக்கு மேல் கீழ்நோக்கிச் சாயும். திருவனந்தபுரத்திலோ ஏறக்குறையக் கிடைமட்டமாகவே நிற்கும். பூமியின் காந்த நடுக்கோடு இவ்வூரை ஒட்டிச் செல்வதே இதற்குக் காரணம்.

இச்சிறு ஊசி காட்டும் உண்மை இவ்வூரின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் இங்கே வானாராய்ச்சி நிலையத்தை நிறுவி, ஜான் கால்டிகாட் என்பவரை அதன் தலைவராக்கினார். அவருக்குப் பின் 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் பூமியின் காந்தத்தைப் பல்லாண்டு அளந்தார். உயரத்துக்கேற்ப அது மாறுகிறதா என்று அறிய, நாம் பொதிகை என்று போற்றும் அகத்திய மலையின் உச்சியிலும் ஒரு நிலையம் அமைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1963 நவம்பர் 21-இல், அருகிலுள்ள தும்பா என்னும் மீனவச் சிற்றூரிலிருந்து நம் நாட்டின் மண்ணிலிருந்து முதன்முதலாக ஆராய்ச்சி ராக்கெட் ஒன்று விண்ணில் பாய்ந்தது. காந்த நடுக்கோட்டின் மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகற்பொழுதில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அவ்விடம் ஏற்றதென விக்கிரம் சாராபாயும் அவரைச் சார்ந்தோரும் தேர்ந்தனர். தும்பாவைத் தேர்ந்த காரணமும், வகுப்பறையில் ஊசி சாயாமல் நிற்கும் காரணமும் ஒன்றே.

இத்தகைய கல்வி நாடு தழுவிய வகையில் இயலுமா என்று ஐயுறுவோர்க்கு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் நல்ல சான்று. அங்கே 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்து கற்கும் விஞ்ஞானத் திட்டம் தொடங்கிற்று. பின்பு பல நூறு பள்ளிகளுக்குப் பரவி, 2002 வரை நடைபெற்றது. கிராமத்துப் பிள்ளைகள் எளிய பொருள்களைக் கொண்டு தாமே ஆய்ந்து, தாமே முடிவு கண்டனர். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஏனெனில் தேர்வு நினைவாற்றலைச் சோதிப்பதற்கன்று, சிந்தனையைச் சோதிப்பதற்கே என்று அவர்கள் கருதினர்.

ஆசிரியர்கள் மேசைமீது சோதனை செய்து காட்டுவது ஒன்று. மாணாக்கர் ஆய்ந்து காண்பது மற்றொன்று. முன்னதில் விடை ஆசிரியர் கையில் இருக்கிறது. பின்னதில் அது முற்றத்தில் கிடக்கிறது. ஆகவே அளப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை எழுதட்டும். குழுவுக்கொரு கோல் இருக்கட்டும். அளவுகள் வேறுபட்டால் எவருடையதையும் அழிக்காமல் கரும்பலகையில் வரிசையாக எழுதி, வேறுபாட்டின் காரணத்தை அவர்களே தேடட்டும். ஆசிரியர்க்கே விடை தெரியாத வேளை வந்தால், "எனக்கும் தெரியவில்லை, பார்ப்போம்" என்று கூறுவதில் சிறுமை யாதும் இல்லை.

அச்சிறுமியின் செய்தி எஞ்சியுள்ளது. பத்து நாள் அளந்து எழுதிய தாளை அவள் பள்ளிக்கு எடுத்துச் சென்றாள். ஆசிரியை அதைப் படித்துவிட்டு, மறுநாள் நண்பகலில் வகுப்பையே முற்றத்துக்கு அழைத்துச் சென்றாராம். நிழல் தெற்கே கிடந்தது. ஆசிரியை சிறிது நேரம் அதைப் பார்த்து நின்றார்; பின்பு அவளுடைய ஏட்டை வாங்கி, தாம் இட்ட சிவப்புக் கோட்டின்மேல் "சரி" என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஏட்டை அவள் இன்றும் வைத்திருக்கிறாள். தவறென்று அடித்த கோடும், சரி என்ற சொல்லும் அருகருகே உள்ள அப்பக்கத்தை நமக்கு ஒருமுறை காட்டினாள். விஞ்ஞானம் வளர்ந்த வழி முழுவதும் அப்பக்கத்தில் இருக்கக் கண்டோம்.