ஒரு பெயருக்குள் எத்தனை ஊர்!

சித்திரைத் திருவாதிரையன்று ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு வரும் வைணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் என்றால் உடையவர் எனப்படும் ராமானுஜர்தான். 1017இல் அவர் அவதரித்த தலம். பூதபுரி என்பது அதன் புராணப் பெயர். அவர் வாழ்ந்த காலத்திலேயே வடிக்கப்பட்டதாகப் போற்றப்படும் ‘தான் உகந்த திருமேனி’ இங்கேதான் இருக்கிறது.

உலகச் செய்தித்தாள்களுக்கோ அது ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். 1991 மே 21 இரவுக்குப் பிறகு, தமிழே தெரியாதவர்களும் இந்த நீண்ட பெயரை உச்சரிக்கப் பழகினார்கள்.

அடுத்து வந்தது தொழிற்சாலைக் காலம். 1998இல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006இல் நோக்கியா இங்கே கைபேசி செய்யத் தொடங்கி, 2014இல் ஆலையை மூடியது. இன்று “ஸ்ரீபெரும்புதூர்ல வேலை பாக்குறேன்” என்று சொல்லும் பிள்ளை சுங்குவார்சத்திரத்திலோ வல்லத்திலோ ஒரகடத்திலோ இருக்கலாம். மக்களவைத் தொகுதிக்கும் இதே பெயர்தான். ஆனால் அதில் அம்பத்தூர், ஆலந்தூர், தாம்பரம், பல்லாவரம், மதுரவாயல் எல்லாம் அடக்கம். சென்னைப் புறநகரில் வசிப்பவர் ஸ்ரீபெரும்புதூர் வாக்காளராகிவிடுகிறார்.

ஊர்ப்பெயர் இப்படி ஊரைவிட்டுக் கிளம்புவது எங்கும் உண்டுதான். ஜெர்மனியின் பழைய ரோமானியக் குடியேற்றமான கொலோன், 18ஆம் நூற்றாண்டில் ஒரு வாசனைத் தண்ணீருக்குப் பெயர் கொடுத்தது. அதுவே நம் வீடுகளில் காய்ச்சல்காரர் நெற்றியில் நனைத்துப் போடும் ஓடிகொலோன்.

ஆனால் பெரிய பெயர் பரவும்போது பக்கத்துச் சிறிய பெயர்கள் மங்கிப்போகின்றன. இதுதான் கவலைக்குரியது. ஒரகடத்துக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டையே எடுத்துக்கொள்ளலாம். 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது செங்கல் கட்டுமானமும் பொன் அணிகலன்களும் ரோமானிய வணிகத் தொடர்பைக் காட்டும் பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றுக்கும் கீழே, வேட்டையாடி வாழ்ந்தவர்கள் செதுக்கிய கற்கருவிகள்! பூதபுரிக்கும் மிக மிக முந்தைய மனிதர்கள் அவர்கள்.

இவ்வளவும் கிடைத்த ஊரை ‘ஒரகடம் பக்கம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. தொழிற்பேட்டை வரைபடத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் பள்ளிப் பாடத்திலும் வடக்குப்பட்டு என்றே எழுத வேண்டும். தினமும் கம்பெனி வண்டியில் அந்தப் பக்கம் போய்வருகிற ஆயிரக்கணக்கானோர் முதலில் அதைப் படிக்கட்டும்.