இடைக்கால ஐரோப்பாவின் ஆடவர் உள்ளாடை: வெட்டும் பொருத்தமும்

இடைக்கால ஐரோப்பாவின் அரசர்களும் மதகுருமார்களும் உடுத்திய பட்டாடைகளிற் பல பொருட்காட்சிச் சாலைகளில் இன்றும் காணக்கிடைக்கின்றன. அக்காலத்து உழவனும் கொல்லனும் அன்றாடம் உடுத்திய உள்ளாடையோ அநேகமாக மிஞ்சவே இல்லை. கிழியும் வரை உடுத்தினார்கள். கிழிந்தபின் ஒட்டுப் போட்டார்கள். ஒட்டும் தாங்காதபோது அது கந்தலாகிக் காகிதம் செய்வோரிடம் போய்ச் சேர்ந்தது. அந்நாளைய ஐரோப்பியக் காகிதத்திற்கு லினன் கந்தலே மூலப்பொருள். மண்ணிற் புதைந்தவையும் தப்பவில்லை. கம்பளியைக் காத்துவைக்கும் புளிப்பு மண், செடிநாரை அரித்துவிடும்.

ஆகவே அவ்வாடையை மீண்டும் தைத்துப் பார்க்க விரும்புவோர் சித்திரங்களையே நம்ப வேண்டியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் தீட்டப்பெற்ற விவிலியச் சித்திரச் சுவடி ஒன்றின் பெரும்பகுதி நியூயார்க் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. அதில் பாடுபடும் ஆட்கள் சிலர், தொளதொளத்த வெள்ளை உள்ளாடை வெளியே தெரியக் காட்சியளிக்கின்றனர். ‘பிரே’ என்பது அதன் பிரெஞ்சுப் பெயர். இடுப்பில் நாடா ஓடும். தொடை வரை ஏறும் நீண்ட காலுறைகளை அந்நாடாவிலேயே முடிந்துகொள்வார்கள். ஓவியன் மடிப்புகளைத் தீட்டினானேயன்றித் தையல்களைத் தீட்டவில்லை. வெட்டும் முறை பற்றி இன்றளவும் பலவித அபிப்பிராயங்கள் நிலவுவதற்கு இதுவே காரணம்.

துணியைப் பற்றி ஐயமில்லை. ஆளிச்செடியின் நாரில் நெய்த லினனே அது. கிளைவிடாமல் நெட்டையாக வளரும்பொருட்டு விதையை நெருக்கமாகத் தெளிப்பார்கள். நாரின் நீளம் குறையாதிருக்கச் செடியை அறுக்காமல் வேரோடு பிடுங்குவார்கள். பின்னர் ஊறவைத்து, அடித்து, சீப்பில் வாரி நூற்பார்கள். நனைந்தபோது இந்நாரின் வலிமை கூடுமேயன்றிக் குறையாது. காரநீரிலிட்டு அடித்துத் துவைக்கும் உள்ளாடைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய துணியைக் கத்தரிக்கோலுக்கு வீணே பலியிட எவருக்கும் மனம் வராது. எனவே நீள்சதுரத் துண்டுகளைக் கொண்டே இவ்வாடையை அமைப்பதுதான் பொருத்தமெனத் தோன்றுகிறது. ஒரு முறையில், கால் ஒவ்வொன்றுக்கும் அகன்ற துண்டொன்றைக் குழாய்போல் மூட்டி, இரண்டும் சேரும் கவட்டில் சதுரத் துண்டொன்றை மூலைவாட்டாக வைத்துத் தைக்கிறார்கள். தறியிலேயே அமைந்த கரையைக் கால் ஓரத்தில் வருமாறு வைத்தால் அங்கு மடித்துத் தைக்கும் வேலையும் மிச்சம். வெட்டுமுன் துணியைத் துவைத்துச் சுருக்கிக்கொள்வது அவசியம். வெட்டுவாய் உடலில் உராயாதபடி தையலை மடித்து அடக்குவதும், லினன் நூலுக்குத் தேன்மெழுகு பூசுவதும் நன்று.

பொருத்தம் பார்ப்பதிலேதான் சங்கடமெல்லாம் இருக்கிறது. இக்காலத்துத் தையற்காரர் நிற்கும் ஆளை அளந்து உடலோடு ஒட்டத் தைக்க முற்படுவார். அப்படித் தைத்தது முதல் முறை குனிந்தபோதே கவட்டில் பிரிந்துவிடும். முன்னிடுப்பிலிருந்து கவட்டின் வழியாகப் பின்னிடுப்பு வரை எடுக்கும் அளவை, ஆள் குந்தியிருக்கையில் எடுக்க வேண்டும். அகலமும் தாராளமாக விடவேண்டும். இடுப்பில் அதை நாடா சுருக்கிக்கொள்ளும். காலுறையைக் கட்டியபின் மறுபடி சோதிப்பது முக்கியம். அதன் இழுப்பில் ஆடை நழுவினால் குறை பெரும்பாலும் நாடாவிலில்லை. கவட்டு நீளம் போதவில்லை என்றே கொள்ளலாம். எந்த வெட்டு சரியானது என்ற வழக்கில், கண்ணாடி முன் நின்று அழகு பார்ப்பவரைவிட, அதை உடுத்து ஒரு பகற்பொழுது கதிர் அறுத்தவரின் சாட்சியத்தையே நான் ஏற்பேன்.

பிற்காலத்தில் காலுறைகள் இடுப்பு வரை ஏறி ஒன்றாக இணைந்தன. உள்ளே துணி மண்ட இடமில்லாமற்போகவே, பிரேயும் சுருங்கிச் சிறுத்தது. இதற்கு நேரடிச் சான்று 2008-ல் கிடைத்தது. ஆஸ்திரியாவின் கிழக்குத் திரோல் பகுதியிலுள்ள லெங்பெர்க் கோட்டையைப் புதுப்பிக்கையில், ஒரு தளத்தின் அடியில் நிரப்பப்பட்டிருந்த குப்பையிலிருந்து 2,700-க்கும் மேற்பட்ட துணித்துண்டுகள் வெளிப்பட்டன. உலர்ந்த இடமாதலால் லினனும் தப்பியிருந்தது. அவற்றுள் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, இடுப்பின் பக்கங்களில் கயிற்றால் முடியும் சிறிய உள்ளாடை ஒன்று முழுமையாக இருந்தது. அந்நூற்றாண்டுக்கேனும் இனித் தையலை எண்ணிப் பார்த்தே வெட்டலாம். 13ஆம் நூற்றாண்டின் தொளதொளத்த பிரேக்கு இன்னமும் சித்திரமும் குந்தி எடுத்த அளவுமே துணை.