எஞ்சினுக்குள் போகும் காற்று எவ்வளவு சூடு?

ஆடிச் சாரலில் கடையத்திலிருந்து தென்காசி வழியாகக் குற்றாலம் போகும்போது கார் ஜன்னலைத் திறந்தால் உடம்பு சிலிர்க்கும். செங்கோட்டைக் கணவாய்க்குள் புகுந்து வரும் பருவக்காற்று அப்படி. ஆனால் டர்போ, கோன் ஃபில்டர் என்று மாற்றங்கள் செய்த காரில் ஸ்கேனரை மாட்டினால், சீசன் நெரிசலில் ஊரும் நேரத்தில் எஞ்சின் இழுக்கும் காற்று 60 டிகிரி என்று காட்டக்கூடும். உடனே காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரைப் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். பல நேரம் அது வீண் செலவு.

இந்த சென்சாரின் நுனியில் இருப்பது மிளகளவு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பாஷ் நிறுவனத்தின் பரவலான ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 40 டிகிரியில் சுமார் 1,170 ஓம். இதை வைத்துத்தான் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ சூட்டைக் கணக்கிடுகிறது. காற்று 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏறினால் அதே கொள்ளளவில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். ஈசியூவும் பெட்ரோலைக் குறைத்து, இக்னிஷனைத் தாமதப்படுத்தும். பிக்கப் இறங்கிவிடும்.

அந்த 60 டிகிரி பொய்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கோன் ஃபில்டர் பானட்டுக்குள் மறைப்பில்லாமல் இருந்தால் அது இழுப்பது எஞ்சின் சூட்டைத்தான். சென்சார் உள்ளதைச் சொல்கிறது. மாற்ற வேண்டியது ஃபில்டரின் இடத்தை. அலுமினிய மேனிஃபோல்டில் திருகிய சென்சார், நின்ற வண்டியில் உலோகத்தின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். வண்டி வேகமெடுத்ததும் எண் இறங்கினால் விஷயம் இதுதான்.

உண்மையான கோளாறைப் பிடிக்க நல்ல நேரம் விடியற்காலை. இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், வெளிக்காற்று, கூலன்ட், இன்டேக் காற்று மூன்றும் ஓரிரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். மைனஸ் 40 காட்டினால் ஒயர் அறுந்திருக்கும், அல்லது கப்ளர் கழன்றிருக்கும்.

எண் நம்பும்படியாக இருந்துகொண்டே தப்பாக இருப்பதுதான் ஆபத்து. சாரல் ஈரத்தில் கப்ளர் பின் பச்சை பூத்து 500 ஓம் தடை கூடினாலே, 40 டிகிரிக் காற்றை ஈசியூ 30 என்று எடுத்துக்கொள்ளும். ரீமேப் செய்யும்போது சென்சார் ஒரு கம்பெனி, ஈசியூவில் ஏற்றிய அட்டவணை வேறு கம்பெனி என்று ஆகிவிடுவதும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் வகை சென்சாருக்கு 20 டிகிரியில் சுமார் 3,500 ஓம். பாஷ் அட்டவணையோடு அதைப் படித்தால் 12 டிகிரி என்று வரும். சென்சாரைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் நுனியை வைத்து மல்டிமீட்டரில் அளந்தால் குட்டு உடைந்துவிடும். பாஷ் வகை சுமார் 5,900 ஓம் காட்ட வேண்டும்.

இதே தவறை வேண்டுமென்றே செய்யும் சாமானும் ஆன்லைனில் கிடைக்கிறது. ‘பவர் சிப்’ என்ற பெயரில் வரும் அந்தச் சின்ன ரெசிஸ்டர், சூடான காற்றைக் குளிர்ந்தது என்று ஈசியூவை நம்பவைக்கும். ஈசியூ இக்னிஷனை முன்கூட்டியே கொடுக்கும். புளியரை ஏற்றத்தில் முழு பாரத்தோடு போகும்போது எஞ்சின் தட்டத் தொடங்கும். விட்டால் பிஸ்டன் வரை சேதம் போகும். மாட்டியிருப்பவர்கள் மலையேறும் முன் அதைக் கழற்றிவிடுங்கள்.