களிமண் குதிரையும் காத்திருப்பின் கூலியும்



ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்கள் சொல்லும் முதல் வார்த்தை பட்டு. நானும் தறிக்குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் இம்மலரில் நான் எழுத எடுத்துக்கொண்டது பட்டைப் பற்றி அல்ல, மண்ணைப் பற்றி. களிமண்ணில் குதிரையையும் மனிதனையும் தெய்வத்தையும் செய்கிற கலைஞர்களைப் பற்றி. "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். கட்டுரையைப் படித்து முடிக்கும்போது, அவர்களும் நம் துறைக்காரர்கள்தான் என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

படுகளத்துச் சிலை

நம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. பதினெட்டாம் போர் அன்று வெட்டவெளியில் துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். முழுக்க மண். கிரீடம், முறுக்கு மீசை, முறைக்கும் கண், மார்பில் ஆபரணம் எல்லாவற்றையும் மண்ணைக் குவித்தே உருவாக்கி வண்ணம் பூசியிருப்பார்கள். பீமன் வேஷக்காரர் கதையால் தொடையில் அடிப்பார். அங்கே மறைத்து வைத்திருக்கும் சிவப்பு நீர் பீறிடும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். உடனே ஜனங்கள் அந்த மண்ணை ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டு போவார்கள். மறுநாள் பார்த்தால் அங்கே ஒரு மண்மேடுதான் மிச்சம்.

"குயவனுக்கு ஒரு வருஷம், தடிக்காரனுக்கு ஒரு நிமிஷம்" என்ற பழமொழி இதைப் பார்க்கும்போதுதான் முழுதாகப் புரிகிறது.

ஆனால் ஒன்று. துரியோதனன் தரையில் படுத்திருக்கிறான். அவன் எடையைப் பூமியே தாங்கிக்கொள்கிறது. சூளையில் சுட வேண்டியதும் இல்லை. அதே மண்ணை நான்கு கால் குதிரையாக்கி, நிற்க வைத்து, நெருப்பிலும் சுட்டு எடுப்பது என்றால்? அங்கேதான் உண்மையான இன்ஜினியரிங் ஆரம்பிக்கிறது.

அய்யனார் குதிரை

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கத்தில் அய்யனார் கோயில்களுக்குப் போனால், மரத்தடியில் வரிசை வரிசையாகச் சுடுமண் குதிரைகள் நிற்கும். ஆள் உயரத்தை மிஞ்சியவையும் உண்டு. ஊர் எல்லையைக் காக்கும் அய்யனார் இரவில் இவற்றில் ஏறி ஊரைச் சுற்றி வருவார் என்பது நம்பிக்கை. இவற்றைச் செய்பவர்கள் அந்தப் பக்கத்தில் வேளார் எனப்படும் குயவர்கள். பல கோயில்களில் அவர்களே பூசாரிகளும்கூட.

வேலை தொடங்கும் முறையே அழகானது. ஊரார் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுப்பார்கள். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். அதுதான் ஆர்டர், அதுதான் அக்ரிமெண்ட்! குதிரை செய்து முடித்ததும் கண் திறந்து, ஊரே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகும் திருவிழா 'புரவி எடுப்பு'. அதன்பின் குதிரை வெயிலிலும் மழையிலும் நின்று மெல்ல மெல்ல மண்ணாகும். மறுபடி புதுக் குதிரை, மறுபடி பிடிமண்.

நம் ஃபவுண்டரி பாடமும் அதுவே

ஏரிக்களிமண்ணை அப்படியே பிசைந்து குதிரை செய்தால் அது காயும்போதே வெடித்துவிடும். அதனால் மணலும் உமி அல்லது நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். உமி நெருப்பில் எரிந்துபோய்ச் சின்னச் சின்னத் துளைகளை விடும். அதன் வழியே நீராவி வெளியேறும்.

முதலில் கால்கள், நான்கும் உள்ளே பொள்ளலான குழாய்கள். அவை கொஞ்சம் இறுகிய பிறகே மேலே வயிறு. மண்ணைக் கயிறு போல உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து வெளியே பலகையால் தட்டுவார்கள். சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு இடம் தடித்து ஒரு இடம் மெலிந்தால், மெலிந்தது முன்னே காய்ந்து சுருங்கும், தடித்தது பின்னே சுருங்கும், நடுவே விரிசல் விழும்.

ஃபவுண்டரி ஷாப்பில் மோல்டு செய்தபின் வென்ட் ராடால் குத்தித் துளை போடுகிறோமே, ஏன்? வாயு வெளியேறாவிட்டால் வார்ப்பில் ஓட்டை விழும் என்பதற்காக. குதிரையின் உடம்பிலும் துளை விடுகிறார்கள். காரணம் ஒன்றேதான். நாம் பேட்டர்னுக்கு ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ் கொடுக்கிறோம். வார்ப்பிரும்புக்கு மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர். களிமண்ணோ காய்ந்து வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்கு வரைகூடக் குறுகும். அதாவது மீட்டருக்கு 100 மில்லிமீட்டர்! இந்தக் கணக்கை அவர்கள் நோட்டில் எழுதி வைப்பதில்லை. கையில் வைத்திருக்கிறார்கள்.

சுடும்போது இன்னொரு விஷயம். களிமண்ணில் இரண்டு வகை நீர் உண்டு. பிசையும்போது நாம் ஊற்றிய நீர் 100 டிகிரி செல்சியஸுக்குள் ஆவியாகிவிடும். மண்ணின் கட்டமைப்போடு இரசாயனமாகக் கலந்திருக்கும் நீர் 450 முதல் 600 டிகிரிக்குள்தான் விலகும். அது விலகிய பிறகு மண்ணை எத்தனை நாள் தண்ணீரில் ஊறப்போட்டாலும் மறுபடி களியாகாது. அதனால்தான் முதலில் புகைமூட்டமாக மெல்லிய தீ, பிறகு வைக்கோல், விறகு, வறட்டி என்று ஏற்றுகிறார்கள். மேலே ஓட்டுத் துண்டுகளை அடுக்கி மண் பூசி, சூட்டை உள்ளேயே நிறுத்துகிறார்கள். தெர்மோமீட்டர் கிடையாது. தீயின் நிறமே மீட்டர்.

காத்திருப்பதற்கு யார் கூலி தருவார்?

ஆரணிக்கு அருகே ஒரு கிராமத்தில், சட்டி பானையோடு பிள்ளையாரும் செய்கிற பெரியவர் ஒருவரிடம் பேசினேன். "ஒரு சிலைக்கு எத்தனை நேரம் ஆகும் தாத்தா?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "கை படற நேரம் கொஞ்சம்தான் தம்பி. நெழல்ல கெடக்கற நேரந்தான் ஜாஸ்தி. வெயில்ல வெச்சா சீக்கிரம் காயும், சீக்கிரம் வெடிக்கும். ஆனா வாங்கறவங்க கை படற நேரத்தத்தான் கணக்கு பாக்கறாங்க."

இந்தப் பதில் என்னை யோசிக்க வைத்தது. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அப்பா தறியில் உட்கார்ந்து நெய்தால் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் பாவு பிணைப்பதும், அம்மா தார் சுற்றுவதும், நூல் அறுந்தால் தேடி முடிவதும் எந்தக் கணக்கில் வரும்? எல்லாம் அந்த ஒரே கூலிக்குள் அடக்கம். அம்மாவுக்கென்று தனியாக ஒரு ரூபாய் கிடையாது.

நாம் காஸ்டிங் கணக்கில் என்ன படிக்கிறோம்? பொருள் விலை, நேரடிக் கூலி, மறைமுகக் கூலி, ஓவர்ஹெட், ரிஜெக்‌ஷன். இதை மண் சிலைக்குப் போட்டுப் பாருங்கள். ஏரியிலிருந்து மண் கொண்டுவர வண்டி வாடகை, மிதிப்பதற்கு ஆள், காயும் நாட்களில் இடமும் காவலும், விறகு, சூளையில் வெடித்துப்போகும் உருப்படிகள், மழை வந்தால் கரைந்துபோகும் உருப்படிகள். ஒரு ஃபாக்டரி இவை எல்லாவற்றையும் விலையில் சேர்த்துவிடும். மண் கலைஞரோ நஷ்டம் முழுவதையும் தானே சுமக்கிறார். நாமோ அவரிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம்!

பெயர் இல்லாத கலை

சீனாவில் சியான் நகரத்தருகே 1974-ல் விவசாயிகள் கிணறு வெட்டியபோது, மன்னன் சின் ஷி ஹுவாங்கின் சுடுமண் படை வெளிப்பட்டது. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுப் பழமை. ஆள் உயரச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில். அவற்றில் பல சிலைகளில் செய்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாராட்டுவதற்காக அல்ல, தரம் குறைந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிவதற்காக! எப்படியோ, பெயராவது மிஞ்சியது. நாம் கோயில் ட்யூப் லைட்டில்கூட 'உபயம்' என்று பெயர் எழுதுகிறோம். குதிரையைச் செய்த வேளார் பெயரை எங்கே தேடுவது?

நிலைமை மாறாமலும் இல்லை. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்ற பலர் இன்று தங்கள் பெயரிலேயே கண்காட்சி வைக்கும் கலைஞர்கள். மீக்கர் மண்ணில் வீட்டைக் கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவர். அதே புதுச்சேரியில் வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பரம்பரைக் குயவர் குடும்பத்துக் கைக்கு நாட்டின் விருது வந்து சேர்ந்தது என்றால் நமக்கும் பெருமைதான்.

இன்றைய நிலை

பல கோயில்களில் இப்போது சிமெண்ட் குதிரைகள் வந்துவிட்டன. சிமெண்டுக்கு வருஷா வருஷம் பிடிமண் வேண்டாம். ஒருமுறை கட்டினால் வேளாருக்கு அடுத்த வேலை இல்லை. மறுபக்கம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாருக்குத் தடை இருப்பதால் களிமண் சிலைக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் நவராத்திரி கொலு பொம்மைகளுக்காகப் பல மாதம் முன்பே வேலை தொடங்கிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் தொழில் நின்றுபோவதால் அரசு மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு நிவாரணம் தருகிறது. ஏரி மண் எடுக்க முன்பு கலெக்டர் ஆபீஸ் வரை அலைய வேண்டியிருந்தது. 2024 முதல் தாசில்தாரிடமே அனுமதி பெறலாம்.

நாம் என்ன செய்யலாம்?

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "இந்தத் தறி உன்னோட போகட்டும்டா" என்று அப்பா சொல்லவில்லை. "தறிய விட்டுத் தள்ளிப் போ" என்றுதான் சொன்னார். குயவர் வீடுகளிலும் இதையே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படிப்பு என்பது ஓடிப்போவதற்கு மட்டும்தானா? விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்துக்கே டிப்ளமோ இருக்கிறது. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் நம் லேபில் இருக்கிறது. விறகை மிச்சப்படுத்தும் ஒரு சிறு சூளை, மழையில் நனையாத ஒரு காயவைக்கும் கொட்டகை ஆகியவற்றை நம் இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஏன் எடுக்கக்கூடாது? ஒரு உடைப்பு குறைந்தாலும் அது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு.

அதற்கு முன், நம் எல்லோராலும் முடிந்த ஒன்று உண்டு. அடுத்த பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் சிலை வாங்கும்போது, கை பட்ட நேரத்துக்கு மட்டுமல்ல, நிழலில் கிடந்த நாட்களுக்கும் சேர்த்து விலை கொடுப்போம். கொடுத்த கையோடு, செய்தவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை